வறுத்த ரவையும் ஆறாவது அறையும்

இருந்தவர்கள்:

கைனாத் அக்கா. கீழ் வீட்டுக்காரர். சினிமாக்காரர்களுக்குப் பழைய காலத்துக் காகிதச் சாமான்கள் செய்து கொடுப்பவர்.

யாசீன். அக்காவின் தம்பி. கேட்டரிங் படித்தவன். கப்பல் சமையலறையில் வேலை கிடைத்து, காவல்துறை தர வேண்டிய நற்சான்றுக்காகக் காத்திருப்பவன்.

சிட்டிபாபு. ஆட்டோ ஓட்டுபவர். நான் பார்க்காத பகுதிக்கு அவர்தான் சாட்சி.

சாம்பசிவன். காவல் நிலையத்தில் ரைட்டர்.

ஆய்வாளர். குரல் மட்டும்.

ஜெர்சன். கலை இயக்குநரின் உதவியாளர். வந்திருக்க வேண்டியவர்.

நான். பிரணவ். மாடியில் வாடகைக்கு இருப்பவன்.

ஓர் அட்டைப்பெட்டி.

(நீங்கள் இன்னும் வரவில்லை. உங்களுக்குக் கடைசியில் ஓர் அறை ஒதுக்கியிருக்கிறேன்.)

1

இந்தக் கதை ஒரு கருகல் வாசனையிலிருந்து வந்தது. இதைவிட மரியாதையான பிறப்பிடம் இதற்கு இல்லை.

சென்னை ஓ.எம்.ஆர். சாலைக் கம்பெனி ஒன்றில் இரவு வேலையில் இருந்தேன். இன்னொரு நாட்டுக்காரர்களின் பகலுக்காக என் இரவில் விழித்திருக்கும் வேலை. ஒரு நாள் கம்பெனி வேன் வாசலில் வந்து ஹாரன் அடித்தது. நான் இறங்கிப் போகவில்லை. அவ்வளவுதான், அதில் கதை எதுவும் இல்லை. ஆனால் வேலையை விட்டபிறகும் உடம்பு அந்த நாட்டை விட்டு வரவில்லை. பீர்க்கன்கரணை வீட்டில் மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் எனக்குள் யாரோ விளக்கை அணைக்கிறார்கள். முழுத் தூக்கம் என்று சொல்ல முடியாது. தண்ணீருக்கு அடியில் படுத்துக்கொண்டு கரையில் பேசுகிறவர்களைக் கேட்பது போல இருக்கும். அப்படிக் கிடந்த ஒரு மதியத்தில் ஜன்னல் வழியாக அந்த வாசனை ஏறி வந்தது. கீழே யாரோ நல்ல ரவையை வேண்டுமென்றே கருக்கிக்கொண்டிருந்தார்கள்.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்:

ஏரியின் மேல் மதிய வெயில் தன் பொன்னையெல்லாம் கொட்டி— (வேண்டாம். வெயில் எதையும் கொட்டவில்லை. ஏரியில் ஆகாயத்தாமரை மண்டிக் கிடக்கிறது.)

பிறகு இப்படி:

துப்பாக்கியைக் கண்ணால் கண்டிராத எங்கள் தெருவில்— (பொய். விமானப்படைத் தளம் பக்கத்தில்தான். கேட்டில் நிற்பவர் கையில் என்ன இருக்கிறது என்று குழந்தைகளுக்கும் தெரியும்.)

ஆகவே துப்பாக்கியிலிருந்தே தொடங்குகிறேன். பழங்கால ரிவால்வர் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். நடுவில் சுழலும் உருளை. உருளைக்குள் ஆறு அறைகள்.* இன்றைய ரிவால்வரில் பித்தளைத் தோட்டாவைப் பின்பக்கமாகச் செருகுவார்கள். இதில் அது நடக்காது. ஒவ்வோர் அறையிலும் முன்பக்கமாக வெடிமருந்தைப் போட்டு, அதன்மேல் ஈய உருண்டையை வைத்து, குழலுக்கு அடியில் இருக்கும் நெம்புகோலால் இடித்து இறக்க வேண்டும். பின்பக்கம் அறைக்கு ஒரு சின்னக் காம்பு, அதன்மேல் ஒரு தொப்பி. சுத்தியல் தொப்பியைத் தட்டினால் தீ உள்ளே போகும்.

சண்டைக்கு நடுவில் நின்று மருந்தை அளந்து கொட்ட முடியாது. அதற்காகத்தான் காகிதத் தோட்டா. மருந்தையும் உருண்டையையும் மெல்லிய காகிதத்தில் முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொள்வார்கள். காகிதத்தோடு உள்ளே போகும், காகிதத்தோடு எரியும். சுட்டு முடித்தபின் தரையில் குனிந்து பொறுக்க எதுவும் மிஞ்சாது. இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குப் பொறாமையாக இருந்தது. நான் எழுதுவதில் காகிதம் மட்டும்தான் மிஞ்சுகிறது.

இன்னொன்று. விவரம் தெரிந்தவர்கள் ஆறு அறைகளையும் நிரப்ப மாட்டார்களாம். ஐந்தை நிரப்பி, ஒன்றைக் காலியாக விட்டு, அந்தக் காலி அறையின் மேல் சுத்தியலை இறக்கி வைப்பார்கள். கை தவறிக் கீழே விழுந்தாலும் வெடிக்காது. இந்தக் கதையையும் அப்படித்தான் நிரப்பப்போகிறேன்.

* அறை என்றால் கன்னத்தில் விழுவதும்தான். அந்தப் பொருள் இந்தக் கதைக்குள் வந்துவிடக் கூடாது என்ற கவனத்தோடு எழுதுகிறேன்.

2

கைனாத் அக்காவின் கூடத்தில் எப்போதும் ஏதாவது ஒரு நூற்றாண்டு கொடியில் காய்ந்துகொண்டிருக்கும். டீத்தண்ணீரில் நனைத்த செய்தித்தாள்கள், யாரும் பயணம் போகாத ரயில் டிக்கெட்டுகள், அரக்கு முத்திரை வைத்த கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துக் கடிதங்கள். ஃபேன் சுழலும்போது இறந்துபோன கவர்னர்கள் எல்லோரும் மெல்ல ஆடுவார்கள். வேலையை விட்டபின் நானும் கீழே போய்ப் பசை தடவ ஆரம்பித்திருந்தேன்.

ஜெர்சன் வந்த நாளில் நான் அங்கே இருந்தேன்.

"அக்கா, எய்ட்டீன் ஃபிஃப்டி எய்ட் கதை. வெள்ளைக்காரன் கையிலேர்ந்து ரிவால்வரப் புடுங்கி நம்ம ஹீரோ லோட் பண்றாரு. க்ளோஸ்-அப். பேப்பர் தோட்டா வேணும், நெறைய."

"பேப்பர் தோட்டாவால ஏற்கெனவே ஒருவாட்டி நாடே பேஜாராச்சு தம்பி. கொழுப்பு தடவணுமா?"

"அய்யோ, கொழுப்பெல்லாம் வேணாம்க்கா. ஆனா ஹீரோ பல்லால கடிச்சுக் கிழிப்பாரு."

"ரிவால்வருக்குக் கடிக்க மாட்டாங்கன்னு நீதான போன வாரம் போன்ல சொன்ன? அது முழுசா உள்ள போறதுன்னு?"

"சொன்னேன். டைரக்டர்கிட்டயும் சொன்னேன். கடிச்சாதான் கெத்துன்னுட்டாரு."

"அப்ப வாய்க்குள்ள போகும்."

"போகும்."

"அப்ப திங்கற மாதிரி செய்யணும்," என்றார் அக்கா. சமையலறைப் பக்கம் திரும்பி, "டேய் கப்பலு, இங்க வா."

யாசீன் வந்தான். இருபத்தைந்து வயது, தோளில் ஒரு துண்டு, எதையும் முகர்ந்து பார்த்தபின்தான் பேசுவான். வெடிமருந்துக்கு ரவை என்று முடிவு செய்தவன் அவன்தான். கறுப்பாகும் வரை வறுத்த ரவை. ஈய உருண்டைக்கு, கேக்கின் மேல் வைக்கிற வெள்ளி நிறச் சர்க்கரை உருண்டை. கருகிய ரவையையே அதன்மேல் தேய்த்தால் பளபளப்பு மங்கி ஈயம் போலாகிவிடும். பசைக்கு மைதா. காகிதத்தை மட்டும் துப்பிக்கொள்ளலாம்.

"மூணு வருஷம் படிச்சேன் லாத்தா," என்றான், வாணலியைப் பார்த்து. அக்காவை லாத்தா என்றுதான் கூப்பிடுவான். "ரவையக் கருக்காம வறுக்கறது எப்படின்னுதான் சொல்லிக்குடுத்தாங்க."

"இப்ப கருக்கு."

"கை வரல."

"கப்பல்ல போயி பொன்னிறமா வறுத்துக்கோ. யாரு வேணான்னா."

காகிதம், கல்யாணப் பத்திரிகைக்குள் வைக்கிற மெல்லிய தாள். ஒரு பக்கம் அகலமாகவும் மறுபக்கம் குறுகலாகவும் வெட்டிக்கொள்ள வேண்டும். நுனி சிறுத்த ஒரு மரக்குச்சியின் மேல் சுற்றி, ஓரத்தில் பசை தொட்டு, அடியில் ஒரு பொட்டு அளவு வட்டத்தாளை ஒட்டி, குச்சியை உருவ வேண்டும். ரவையைக் கொட்டி, வாயில் உருண்டையை வைத்து, விளிம்பை மடித்து ஒட்டினால் முடிந்தது. பெருநாளுக்கு முந்தின வாரங்களில் மருதாணி கோன் சுருட்டிப் பழகிய கை அக்காவுடையது. சுருட்டுவதே தெரியாது, குச்சியிலிருந்து தாள் தானாக வளர்ந்தது போலிருக்கும். நான் சுருட்டியதைக் கையில் எடுத்து ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"இது தோட்டா இல்ல பிரணவ். பீச்ல விக்கற கடலப் பொட்டலம்."

யாசீன் சிரித்தான். (இந்தச் சிரிப்பை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் என்று எழுதி, அடித்துவிட்டேன். ஆனாலும் வைத்துக்கொள்ளுங்கள்.)

முடிந்தவற்றைத் தட்டுகளில் நிறுத்தி ஜன்னலோரம் காயவைப்போம். வெயில் தாளை ஊடுருவும்போது உள்ளே கறுப்பு ரவை குவிந்திருப்பது தெரியும். சின்னக் கூடுகளுக்குள் எதுவோ உறங்குவது போல. தலைக்குமேல் பயிற்சி விமானம் போனால் அத்தனையும் ஒரே நேரத்தில் லேசாக நடுங்கும். விமானம் போனதும் மறுபடி உறங்கிவிடும்.

மதியங்களில் நான் மாடிக்குப் போய்ப் படுத்துவிடுவேன். அக்காவும் தம்பியும் வேலையைத் தொடர்வார்கள். தரை வழியாகப் பேச்சு வரும். அந்தச் சாமான்களுக்கு அவர்களுக்குள் ஒரு பெயர் இருந்தது. "அந்த — தட்ட இப்பிடித் தள்ளு," என்பார் அக்கா. "— ஒண்ணு ஒடஞ்சுது லாத்தா," என்பான் அவன். ஒவ்வொரு முறையும் இரண்டு பேரும் சிரிப்பார்கள். அந்த வார்த்தை மட்டும் என் தண்ணீருக்குள் இறங்கி வராது. விழித்து எழுந்து கீழே போனால் என் முன்னால் அதைச் சொல்ல மாட்டார்கள். அம்மா வைத்த வீட்டுப் பெயரைப் பள்ளிக்கூடத்தில் சொல்லாத மாதிரி.

3

இங்கே கதை தடுக்கியது. பெட்டியைப் படப்பைக்கு யார் கொண்டுபோவது?

படப்பைக்கு அந்தப் பக்கம் ஒரு பண்ணையில் படப்பிடிப்பு. முதல் பெட்டியை நான்தான் என் வண்டியில் கொண்டுபோனேன். மண்ணிவாக்கம் தாண்டி வாகனச் சோதனை. அதை அப்படியே எழுதிப் பார்த்தேன்:

"பெட்டில என்ன?"

"ஷூட்டிங் சாமான் சார். டம்மி தோட்டா."

"எந்தப் படம்?"

சொன்னேன்.

"ஹீரோயின் யாரு?"

சொன்னேன்.

"போ, போ. பின்னாடி வண்டி நிக்குது பாரு."

கதை முடிந்தது. அரைப் பக்கம்கூட வரவில்லை. யாருக்கும் எதுவும் ஆகவில்லை. தோட்டா என்ற வார்த்தை என் வாயிலிருந்து போய் அந்தக் காவலரின் காதில் விழுந்து, பத்திரமாக, வெடிக்காமல் வெளியே வந்துவிட்டது. என் பெயர் பிரணவ். வண்டியின் முகப்பில் அம்மா ஒட்டிய சாமி படம் இருக்கிறது. கதாபாத்திரமாக நான் தேற மாட்டேன் என்று அப்போதே தெரிந்தது.

இரண்டாவது பெட்டி தயாரான காலையில் யாசீன் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையோடு நின்றான்.

"மச்சான், இந்தவாட்டி நான் போறேன். ஷூட்டிங் சாப்பாடு எப்படிப் போடறாங்கன்னு பாக்கணும்."

"அவன் உனக்கு மச்சான்னா, எனக்கு யாருடா?" என்றார் அக்கா.

"உனக்கு மாடி வூட்டுக்காரரு."

அக்கா பெட்டியை நூலால் கட்டினார். முடிச்சைப் போட்டுக்கொண்டே, அவனைப் பார்க்காமல் சொன்னார்:

"எவனாச்சும் கேட்டா தோட்டான்னு சொல்லாத."

"இவன் சொன்னான்ல?"

"அவன் சொல்லலாம்."

(இந்த இடத்தில் ஒரு முழுப் பத்தி எழுதியிருந்தேன். நாடு, காலம், பெயர் என்றெல்லாம் இருந்தது. அடித்துவிட்டேன். அக்கா அதற்குமேல் விளக்கவில்லை, யாசீன் கேட்கவில்லை. கூடத்தில் இருந்த மூன்று பேருக்கும் புரிந்ததை நான் ஏன் பத்தியாக்க வேண்டும்?)

"அப்ப இன்னான்னு சொல்லட்டும்? நம்ம வெச்ச பேரச் சொல்லட்டா?"

இருவரும் சிரித்தார்கள்.

"அத வெளிய விடாத. பேப்பர் சாமான்னு ஏதாச்சும் சொல்லு. நற்சான்று கையில வர்ற வரைக்கும் போலீஸ்காரன் மூஞ்சியில உன் பேரு படக் கூடாது, அவ்ளோதான்."

சிட்டிபாபுவின் ஆட்டோவில் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு போனான். குழந்தையைத் தடுப்பூசிக்குக் கொண்டுபோகிற மாதிரி ஒரு கை மேலே, ஒரு கை அடியில்.

4

மதியம். நான் தண்ணீருக்கு அடியில் இருந்தேன். கீழே ஆட்டோ சத்தம். பிறகு சிட்டிபாபுவின் குரல். இந்த முறை ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாக இறங்கி வந்தது.

"யக்கா, தம்பிய ஸ்டேஷனுக்கு இட்டுகினு போய்ட்டாங்கோ."

நான் கீழே வந்தபோது அவர் கூடத்தில், தொங்கும் கடிதங்களுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். ஒரு கவர்னரின் கையெழுத்து அவர் காதை உரசியது.

"நிறுத்துனாங்கோ. பெட்டில இன்னான்னு கேட்டாங்கோ. தம்பி ரோசன பண்ணிகினே கீறான். பேப்பர் சாமான்னு சொல்லலாம்ல? சொல்ல மாட்டன்றான். கடசில சொன்னான்யா ஒரு வார்த்த."

"என்ன சொன்னான்?" என்றார் அக்கா.

"'பொட்டலம் சார்.'"

அக்கா கண்ணை மூடினார்.

"சின்னச் சின்னப் பொட்டலமான்னு கேட்டாங்கோ. ஆமான்றான். எத்தினின்னு கேட்டாங்கோ. நெறையன்றான். எறங்குடான்ட்டாங்கோ. நான் சொல்றேன், சார் அது சினிமா சாமான் சார்ன்னு. நீ மூடுன்னாரு ஒர்த்தரு. பெட்டியப் பிரிச்சாங்கோ. பொகையிலையும் இல்ல, கஞ்சாவும் இல்ல, அவங்களுக்கே ஒண்ணும் புரில. உள்ள இன்னா கீதுன்னு கேட்டாங்கோ. இவன், கரீட்டா சொல்லிட்டா வுட்ருவாங்கன்னு நென்ச்சிகினு, 'ரவை சார்'ன்னான்."

"யா அல்லா."

"'வறுத்த ரவை சார்'ன்னான். அதுக்குள்ள பின்னாடி நின்னவரு ஒண்ண எடுத்துப் பாத்துட்டு, 'அய்யே, இது தோட்டா மாதிரி கீது'ன்னாரு. முடிஞ்சுது."

அக்கா கொடியிலிருந்து துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டார். ஜெர்சனுக்குப் போன் போட்டார். அணைத்து வைக்கப்பட்டிருந்தது. படப்பிடிப்புத் தளத்தில் படம் வெளியே கசியாமலிருக்க எல்லோருடைய போனையும் வாங்கிப் பையில் போட்டுவிடுவார்கள், மாலைதான் தருவார்கள். பேச ஆள் இல்லை. கையோடு கொண்டுபோக ஒரு கடிதம்கூட இல்லை. அந்தக் கூடத்தில் கம்பெனியின் முத்திரை வைத்த கடிதங்கள் நிறையத் தொங்கின. இன்றைய தேதி போட்டது ஒன்றுமில்லை.

ஆட்டோவில் போகும்போது, சொல்ல வெட்கமாக இருந்தாலும் சொல்கிறேன், நான் கொஞ்சம் தூங்கிவிட்டேன். என் உடம்புக்கு அது நடுராத்திரி. பெருங்களத்தூர் மேம்பாலம் ஒரு பெரிய உருளையாகச் சுழன்றது. அதில் அறைகள். ஓர் அறையில் யாசீன் வாணலியைக் கிளறிக்கொண்டிருந்தான். அடுத்த அறையில் ஒரு நாளிதழ் திறந்து கிடந்தது, துப்பாக்கி ரவைகள் பாய்ந்து இருவர் பலி என்று தலைப்பு; பக்கத்திலேயே ரவா கேசரி செய்முறை. இரண்டிலும் அதே வார்த்தை, அதே எழுத்து. யாரும் அதைக் கவனிக்காமல் இத்தனை காலம் உப்புமா கிண்டியிருக்கிறோம். அடுத்த அறையில் கடலை விற்பவர் எனக்கு ஒரு பொட்டலம் நீட்டினார். வாங்கும்போது கையில் விலங்கு. கடைசி அறைக்குக் கதவு மட்டும் இருந்தது. சுத்தியல் மெல்லப் பின்னால் போனது. ஆட்டோ நின்றது.

5

காவல் நிலையத்தின் பெயர் வேண்டாம். வேப்பமரம், பறிமுதல் செய்த வண்டிகள், தண்ணீர் கேன். யாசீன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். இஸ்திரி போட்ட சட்டை முழுக்கக் கறுப்பு ரவை. எங்களைப் பார்த்ததும் எழப்போனான். ஒருவர் கையைக் காட்ட, உட்கார்ந்துகொண்டான்.

மேஜையில் பெட்டி. பெட்டிக்குப் பின்னால் சாம்பசிவன். ஐம்பதைத் தாண்டியவர், மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றியிருந்தார். காவல் நிலையத்தில் எழுத்து வேலை பார்ப்பவரை ரைட்டர் என்பார்கள். அவரும் அப்படித்தான் அறிமுகம் செய்துகொண்டார்.

"நான் ரைட்டர். நீங்க?"

"நானும்தான்," என்றேன். கேட்ட வேகத்தில் வந்துவிட்டது.

"எந்த ஸ்டேஷன்?"

"இல்ல சார். கதை எழுதறவன்."

"ஓ. அந்த ரைட்டர்." கண்ணாடியை மூக்குக்கு இறக்கி என்னைப் பார்த்தார். "அப்ப நீங்கதான் எனக்கு ஒதவி பண்ணணும். இதோ பாருங்க. இந்தச் சாமானுக்கு நான் ஒரு பேரு எழுதணும். ஒரே ஒரு வார்த்த. காலைலேர்ந்து பேனாவத் தூக்கி வெச்சிக்கினு உக்காந்திருக்கேன்."

"இது சினிமாவுக்கு," என்றார் அக்கா. "நாளைக்கி அவங்க வந்து சொல்வாங்க."

"நாளைக்கி வரட்டும்மா. நான் இன்னிக்கி எழுதணும். தோட்டான்னு எழுதுனா ஆயுதச் சட்டம். உங்க தம்பி சொன்னாரே, பொட்டலம், அத எழுதுனா போதைப் பொருள். சரி, உள்ள இருக்கறதயாச்சும் எழுதலாம்னு பாத்தா, ரவை. திரும்ப மொதல் சட்டத்துக்கே வந்து நிக்குது."

"உப்புமா ரவை சார்," என்றான் யாசீன் பெஞ்சிலிருந்து.

"தெரியும்டா. வாசனை வருது. உப்புமா ரவை கடத்துன வாலிபர்னு எழுதுனா மேல இருக்கறவங்க என்னக் கேப்பாங்களா மாட்டாங்களா?" குரலைத் தாழ்த்தினார். "இவன் பேருல நற்சான்று மனு ஒண்ணு இங்கதான் இருக்கு. நான்தான் அனுப்பணும். ஒரு எடத்துல இவன் பேரோட ஒரு சட்டம் ஏறிச்சுன்னா, இன்னொரு எடத்துல நான் சுத்தம்னு எழுத முடியாது. கப்பலு போயிரும். புரியுதா?"

புரிந்தது. நானும் தேட ஆரம்பித்தேன்.

"மாதிரின்னு எழுதலாம் சார்."

"எதோட மாதிரி? அடுத்த வார்த்த தோட்டாதான்."

"காகிதக் குழல்."

"குழல்னா துப்பாக்கிக் குழலான்னு கேப்பாங்க."

"சினிமா சாமான்."

"சாமான்னா ரவுடிங்க எதச் சொல்றானுங்க தெரியுமா? கத்திய."

"பொம்மை."

"இந்தச் சைசுல, இந்த ஷேப்புல? நீங்களே படிச்சிப் பாருங்க தம்பி, பொம்மை வெச்சிருந்த இவன ஏன்யா புடிச்சேன்னு கேட்டா நான் எங்க போறது?"

அவர் கேலி செய்யவில்லை. உண்மையிலேயே வார்த்தை தேடிக்கொண்டிருந்தார். நல்ல எழுத்தாளர். நான் ஒரு வார்த்தை போடுவேன், அவர் அதை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, ஓட்டையைக் காட்டித் திருப்பித் தருவார். சொல்லச் சொல்ல எல்லா வார்த்தையும் கடைசியில் துப்பாக்கியாகவே திரும்பி வந்தது.

"அவன உள்ள அனுப்பு," என்றது ஆய்வாளரின் குரல், மூடிய அறைக்குள்ளிருந்து.

யாசீன் எழுந்தான். துண்டு இல்லாத தோளைத் தடவிக்கொண்டான். போகும்போது பெட்டியின் பக்கம் குனிந்து பழக்கத்தில் ஒருமுறை முகர்ந்தான். உள்ளே போனான்.

(முடிவுகள் சிலவற்றை எழுதி வைத்திருந்தேன். வேண்டுமானால் எடுத்துக்கொள்ளுங்கள்.

அ. கைனாத் அக்கா பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து வாயில் போட்டு, கடித்து, மென்று, காகிதத்தைத் துப்புகிறார். "போதுமா?" என்கிறார். எல்லோரும் சிரிக்கிறார்கள். எனக்குப் பிடித்த முடிவு. இதை நான் சாம்பசிவன் காதில் ரகசியமாகச் சொல்லவும் செய்தேன். "சாட்சியத்த முழுங்குனாங்கன்னு இன்னொரு கேஸு வரும் தம்பி," என்றார்.

ஆ. ஜெர்சன் கதாநாயகனையே காரில் அழைத்து வந்துவிடுகிறார். நிலையம் முழுவதும் செல்ஃபி. ஹீரோ வந்து காப்பாற்றும் கதையை எழுத எனக்குக் கூசுகிறது.

இ. இரக்கமுள்ள சாம்பசிவன் எதுவும் எழுதாமல் பேனாவை மூடிவிடுகிறார். ரைட்டர் ஒருவர் எழுதாமலிருப்பதை முடிவாக வைக்க எனக்கு ஆசைதான். ஆனால் அவர் பேனாவை மூடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.)

6

ஆறாவது அறை காலி. எனக்கு உள்ளே இடமில்லை என்பதால்.

உள்ளே என்ன நடந்தது, பிறகு என்ன ஆனது, யாசீன் இப்போது எங்கே ரவை வறுக்கிறான் அல்லது வறுக்கவில்லை என்பதெல்லாம் எனக்குத் தெரியும். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் நிம்மதியாகவோ கோபமாகவோ பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள். அந்த வார்த்தையைத் தேட மாட்டீர்கள். வெளியிலிருந்து நான் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

மாலை வெயில் ஜன்னல் கம்பி வழியாக வந்து பெட்டியின் மேல் விழுந்தது. தாள்களுக்குள் கறுப்பாக எதுவோ உறங்குவது மறுபடி தெரிந்தது. தலைக்குமேல் விமானம் போனது. மேஜை லேசாக நடுங்கியது. சாம்பசிவனும் நானும், இரண்டு ரைட்டர்கள், அதையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

"ஒரு வார்த்தைதான வேணும்?" என்றார் கைனாத் அக்கா.

"ஒண்ணே ஒண்ணும்மா. கேட்டவன் பயப்படக் கூடாது, சிரிக்கக் கூடாது. பொய்யாவும் இருக்கக் கூடாது."

"எங்கிட்ட இருக்கு. உள்ள இருக்கற அய்யாகிட்டயே சொல்றேன்."

பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்தார். அவர் சுருட்டியதை எடுக்கவில்லை, நான் சுருட்டியதை, கோணலாக இருந்ததை. உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டார். அது வீட்டு வார்த்தை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. எத்தனையோ மதியங்கள் தரை வழியாக வந்து என்னிடம் சேராத அந்த வார்த்தை.

"என்ன வார்த்தக்கா?" என்றேன்.

"உனக்குச் சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"நீ எழுதிருவ. எழுதுனா அதுக்கும் ஒரு சட்டம் வரும்."

ஒரு பெண் காவலர் வந்து அவருடன் நடந்தார். நான் இரண்டடி பின்னால் போனேன். சாம்பசிவன் என் தோளில் கை வைத்தார்.

"நமக்கு அந்தப் பக்கம் வேல இல்ல தம்பி."

ஆகவே நீங்கள்தான் போக வேண்டும். இத்தனை நேரம் ஒதுக்கி வைத்த அறை அதுதான். உள்ளே ஒரு மேஜை, ஓர் ஆய்வாளர், சட்டை முழுக்கக் கருகிய ரவையோடு ஒருவன், மூடிய கையோடு அவனுடைய அக்கா. அவர் வாயைத் திறக்கும்போது எந்த வார்த்தை வருகிறது என்பது என் கையில் இல்லை. நீங்கள் எந்த வார்த்தையைக் கேட்கத் தயாராக இருக்கிறீர்களோ அது வரும். இந்தக் கதையில் யாசீன் என்ற பெயருக்குப் பக்கத்தில் தோட்டா என்ற வார்த்தையை முதலில் படித்தபோது உங்களுக்கு என்ன கேட்டது என்று மட்டும் போகிற வழியில் யோசித்துக்கொள்ளுங்கள்.

அக்கா வாசலில் ஒரு கணம் நின்று துப்பட்டாவைச் சரிசெய்தார். உள்ளே குளிர்ந்த காற்றும் குழல்விளக்கு வெளிச்சமும். யாசீனின் முதுகு தெரிந்தது. அவன் திரும்பி, "லாத்தா," என்றான். அவர் உள்ளே போனார்.

"ஏசி ரூமு. பூட்டலன்னா கதவு நிக்காது," என்றார் சாம்பசிவன், யாரிடமும் இல்லாமல்.

அக்காவுக்குப் பின்னால் கதவு சாத்தப்பட்டது. பூட்டு ஒருமுறை சுழன்று விழுந்தது.